மக்டலின் வீட்டுக்கு வந்த நத்தார் பாப்பா

எங்கட ஒழுங்கையில இப்ப ஒரு கதை அடிபடுது. மக்டலின் நத்தார் பாப்பாவை உலக்கையால அடிச்சு முழங்காலை உடைச்சுப் போட்டாளாம், கிறிஸ்மஸ் பண்டிகை நாளெண்டும் பாக்கேல்லையாம். அடிச்சவள்தான். இல்லையெண்டு ஆர் சொன்னது? நான் அதே வீட்டுக்குள்ள நிண்டு பாத்தனான். அவள் அடிக்காட்டி நான் அடிச்சிருப்பன். ஆனா அந்தச் சிவப்புச் சட்டைக்குள்ள ஆர் இருந்தது, அவனை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது எண்டதை மட்டும் ஒருத்தரும் வாய் திறந்து கதைக்கினமில்லை. அதை நான் சொல்லுறன். இந்தச் சிவாஜினிக்கு வாய் நீளம் எண்டு பாலையூற்று முழுக்கத் தெரியும். இனிப் புதுசாக் கெட்டுப்போறதுக்கு எனக்கு ஒரு பேரும் மிச்சமில்லை.

மக்டலின் எனக்கு அடுத்த வளவு. நடுவில ஒரு தகர வேலி. அவள் வேதக்காறி, நான் சைவம். எண்டாலும் அவளின்ர குசினியில என்ன அவியுதெண்டு எனக்கு மணத்தில தெரியும், என்ர வீட்டில நான் ஆரைத் திட்டுறன் எண்டு அவளுக்குச் சத்தத்தில தெரியும். உப்புவெளியில ஒரு ஹோட்டல் குசினியில வேலை செய்யிறவள். மெலிஞ்ச மனிசி. மேல் வரிசையில முன்பல்லு ரெண்டு இல்லை. சிரிக்கேக்க கையால வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். கேக்கிற ஆக்களுக்கு "கிணத்தடியில வழுக்கி விழுந்தனான்" எண்டுவாள். அந்தக் கிணறு என்ன பாவம் செய்ததோ, அவளுக்கு வந்த காயம் எல்லாத்துக்கும் அதின்ர தலையிலதான் பழி.

பல்லை உடைச்சது அவளின்ர மனிசன் அல்வின். வள்ளத்து இஞ்சின் திருத்துறதில அவன் விண்ணன். திருக்கடலூரில இருந்து கிண்ணியா மட்டும் மீன்பிடிக்காறர் அவனைத் தேடி வருவினம். றோட்டில கண்டா, "எப்பிடி அக்கா, சுகமோ?" எண்டு தலையைச் சரிச்சு மரியாதையாக் கேப்பான். வீட்டுக்குள்ள காலை வைச்சாப் பேய். குடிச்சாத்தான் அடிப்பான் எண்டு சில பேர் சொல்லுவினம். பொய். வெறும் வயித்தோடயும் அடிச்சவன், நான் கேட்டிருக்கிறன்.

மற்ற மாதங்களை விட மார்கழியில அவளுக்கு அடி கூட. ஏனெண்டா வீட்டுக்கு ஆக்கள் வாறது அவனுக்குப் பிடியாது, நத்தாருக்கு ஆக்கள் வராமல் இருக்க மாட்டினம். அவள் என்னத்தைச் சோடிச்சாலும் பிடுங்கி எறிவான். வெளிச்சக்கூட்டை மிதிச்சு நெரிப்பான். ஒரு வருசம் ஜிஞ்சர் பியர் போடுறதுக்கு இஞ்சி இடிச்சு அவிச்சுக்கொண்டு நிண்டவள். பானையோட தூக்கி அவளின்ர காலில கவிட்டுப் போட்டான். "ஆருக்கு ஊத்திக் குடுக்கப் போறாய், சொல்லு, ஆருக்கு?" எண்டு கேட்டுக் கேட்டுக் கவிட்டவன். நான் வேலி பாய்ஞ்சு ஓடிப் போகேக்க அவள் நிலத்தில கிடந்து முந்தானையைக் கடிச்சுக்கொண்டு கிடந்தாள், சத்தம் போட்டா மகள் எழும்பிடுமாம். இண்டைக்கும் அந்தக் காலில முழங்காலுக்குக் கீழ தோல் சுருங்கி மினுங்கும்.

இவ்வளவையும் தாங்கினவள், மகள் லக்சனாவில அவன் கை வைச்ச அண்டைக்குத்தான் எழும்பினவள். சோத்துக்கு உப்புக் காணாதெண்டு கண்ணாடித் துண்டைப் பிள்ளையின்ர கழுத்தில வைச்சவன். அவள் அப்பிடியே பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பொலிஸுக்கு நடந்தாள். பிறகு வழக்கெண்டு கோடு, கச்சேரி எல்லாம் அலைஞ்சு, அல்வின் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதெண்டு கட்டளை எடுத்தாள். வீடு அவளின்ர சீதன வீடு, அவளின்ர பேரில கிடக்குது. அவன் தம்பலகாமத்தில தமக்கை வீட்டுக்குப் போனான். வேலிக்கு அங்கால ஒரு சத்தமும் கேக்காமல் அந்தக் கிழமைதான் நான் முதல் முதலா நித்திரை கொண்டது.

ஆனா ஒழுங்கை சும்மா இருக்குமே? "வேதத்தில பிரிக்க ஏலாது" எண்டு ஒரு ஆள். "பொம்பிளைப் பிள்ளை வளருது, தேப்பன் வேணும்" எண்டு இன்னொரு ஆள். எல்லாருக்கும் மேல கஸ்பார் அண்ணை. கோயில் காரியங்களில முன்னுக்கு நிக்கிற மனிசன், கரோல் காறருக்குத் தலைவர். நல்ல மனிசன்தான். செத்த வீடெண்டா முதல் ஆளாப் பந்தல் போட நிப்பார். ஆனா மக்டலினை எங்க கண்டாலும், "எப்ப பிள்ளை மன்னிக்கப் போறாய்?" எண்டு ஒரே கேள்வி. அல்வினிட்டப் போய், "எப்ப தம்பி திருந்தப் போறாய்?" எண்டு அவர் கேட்டதா எனக்குத் தெரியாது.

இந்த மார்கழி பிறந்த உடனே மக்டலின் வேலியடிக்கு வந்தாள்.

"சிவாஜினி அக்கா, இந்த முறை என்ர வீட்டுக்கு ஆக்கள் வர வேணும். இருந்து, குடிச்சு, கதைச்சுப்போட்டுப் போக வேணும். அவன் உடைக்காத நத்தார் ஒண்டை என்ர பிள்ளை ஒருக்கா எண்டாலும் பாக்க வேணும்."

"வாறம்" எண்டன். "வைன் எனக்கு ரெண்டு கிளாஸ். என்ர மனிசனிட்டச் சொல்லாதை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள்.

அதுக்குப் பிறகு அந்த வீட்டில நடந்ததைப் பாக்க வேணுமே. கந்தளாய்ச் சந்தையில இஞ்சி வாங்கி வந்து, உரலில போட்டு இடிச்சு, சீனியோட அவிச்சு, ஆற விட்டு, தேசிக்காய்ப் புளியும் ஈஸ்டும் விட்டுப் போத்தில்களில அடைச்சாள். ஒவ்வொரு போத்திலுக்குள்ளயும் பிளம்ஸ் எண்டுற காய்ஞ்ச முந்திரிகை ரெண்டு. அந்தப் பிளம்ஸ் ஊறி மேல வந்து மிதந்தா ஜிஞ்சர் பியர் சரியெண்டு கணக்கு. நாளுக்கு ஒருக்கா மூடியைத் தளத்திக் காத்து விட வேணும், விடாட்டி போத்தில் வெடிக்கும். வேலையால வந்து உடுப்பு மாத்த முதலே அவள் போத்தில்களுக்குக் காத்து விடப் போயிடுவாள், "இஸ்" எண்டு வரிசையாச் சத்தம் வரும். நெல்லிக்காய் வைன் ஒரு சாடி. அவளோட வேலை செய்யிற ரிஸ்லாவுக்கு ஈஸ்டும் வைனும் ஆகாதெண்டு தனியா நன்னாரிச் சர்பத், அதுக்குப் புதுப் போத்தில், புதுக் கிளாஸ்.

சோடனையும் அப்பிடித்தான். கடையில வாங்கின சாமான் ஒண்டுமில்லை. கடக்கரையில சவுக்கங் கொப்பொண்டு வெட்டி வந்து, வாளிக்குள்ள மண் போட்டு நட்டு, பஞ்சைப் பிச்சுப் பனி எண்டு ஒட்டினாள். எங்கட ஊரில பனி ஆர் கண்டது, வெளியில மாரி மழை கொட்டுது. லக்சனா சிப்பியளுக்கு நகப்பூச்சுப் பூசி நூலில கோத்துத் தொங்க விட்டாள். வாசலில மூங்கில் வெளிச்சக்கூடு. மேசைக்கு வெள்ளைச் சீலை விரிச்சு, ஹோட்டலில பழகின மாதிரி கைதுடைக்கிற துணியளைப் பூ மாதிரி மடிச்சு, வெறும் போத்தில்களில செவ்வரத்தைக் கொப்பு வைச்சாள். வாசலில நிண்டு தானே தன்ர மேசையைப் பாத்துக்கொண்டு நிண்டாள். அந்த முகத்தை நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

இனிக் கரோல் காறரின்ர முறையைச் சொல்ல வேணும், சொல்லாட்டி விளங்காது. நத்தாருக்கு முன்னம் அவையள் மேளமும் கிற்றாருமா வீடு வீடா வருவினம். கரோல் வந்தாக் கதவு பூட்டக் கூடாது, அது பெரிய மரியாதைக் கேடு. கூட வாற நத்தார் பாப்பா சிவப்புச் சட்டையும் தாடி வைச்ச முகமூடியும் போட்டு ஆடிக்கொண்டு வருவார். உள்ளுக்குள்ள ஆர் எண்டு கேக்கக் கூடாது, முகமூடியைத் தூக்கிப் பாக்கக் கூடாது. வீட்டுக்காறி முதல் கிளாஸை அவருக்குத்தான் குடுக்க வேணும், ஸ்ரோ வைச்சுக் குடுத்தா முகமூடி ஓட்டைக்குள்ளால உறிஞ்சிக் குடிப்பார்.

இன்னொரு வழக்கமும் இருக்கு. நத்தாருக்கு முதல் கோவக்காரர் ரெண்டு பேரைப் பிடிச்சு, கையோட கை சேர்த்து விடுறது. வேலிச் சண்டை, காணிச் சண்டை, அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறது எல்லாம் அப்பிடித் தீர்ந்திருக்கு. ஓம், தீர்ந்திருக்கு, நானும் கண்டனான். கஸ்பார் அண்ணை அதையும் இதையும் ஒண்டாப் போட்டுக் குழைச்சார். தம்பலகாமத்துக்குப் போய் அல்வினைக் கூட்டி வந்து, பாப்பாச் சட்டையைப் போட்டு விட்டு, மக்டலின் வீட்டுக்குள்ள கொண்டு போய் முகமூடியைக் கழட்டினாச் சந்தோசத்தில அவள் உருகிடுவாள் எண்டு நினைச்சிருக்கிறார். கோட்டுக் கட்டளை அவருக்குத் தெரியும். "பாலன் பிறக்கிற நாளில கோடென்ன கோடு" எண்டு பெடியளிட்டச் சொன்னவராம். வேலிச் சண்டையும் கொலை வெறியும் அந்த மனிசனுக்கு ஒண்டாத் தெரிஞ்சிருக்குது பாருங்கோ.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. நானும் ரிஸ்லாவும் மேசையில இருந்தம். என்ர முதல் கிளாஸ் வைன் முடியேக்க ஒழுங்கைக்குள்ள மேளச் சத்தம் கேட்டுது. லக்சனா ஓடிப் போய்க் கதவை விரியத் திறந்தாள். பெடியள் நனைஞ்ச கோழியள் மாதிரி உள்ளுக்கு வந்து பாடத் தொடங்கினாங்கள். பின்னால நத்தார் பாப்பா, மணியை ஆட்டி ஆட்டி. மக்டலின் ஜிஞ்சர் பியர் ஊத்தி, ஸ்ரோ வைச்சு, ரெண்டு கையாலும் அவருக்கு நீட்டினாள்.

கிளாஸை வாங்கின கையைப் பாத்தாள். கையுறை போட மறந்திட்டினம். இஞ்சின் ஒயில் ஊறின நகம், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்பு. அந்தக் கை எத்தினை தரம் அவளின்ர முகத்துக்கு வந்திருக்கும், அவளுக்குத் தெரியாதே?

"லக்சனா" எண்டாள் மெதுவா. "அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டு."

பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஆனா தாயின்ர குரல் விளங்கினது. போயிட்டாள். கஸ்பார் அண்ணை கையை உயத்தி மேளத்தை நிப்பாட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. முகமூடியைத் தானே கழட்டினார். அல்வின். அவர் முதலே சொல்லி வைச்சிருக்கிறார் போல, பெடியள் கை தட்டினாங்கள். அல்வின் முழந்தாளில இருந்து விக்கி விக்கி அழுதான்.

"அண்ணை, இவரைக் கூட்டிக்கொண்டு வெளியில போங்கோ" எண்டாள் மக்டலின்.

"பிள்ளை, அவன் அழுறான் பார். கையைக் குடு. மிச்சத்தை ஆண்டவர் பாப்பார்."

"வெளியில போகச் சொல்லுங்கோ, அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

கஸ்பார் அண்ணை கேக்கேல்லை. அவளின்ர வலது கையை மணிக்கட்டில பிடிச்சு, இழுத்துக்கொண்டு போய், அல்வினின்ர கைக்குள்ள வைச்சார். தன்ர கையால வைச்சார். நான் பாத்தனான்.

அல்வின் அந்தக் கையை விடேல்லை. அழுகை நிண்டுது. எழும்பினான். "என்னைக் கோட்டில ஏத்தினனீ என்ன?" எண்டு கேட்டுக்கொண்டே முறுக்கினான். எலும்பு முறிஞ்ச சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவள் கத்த முதல் மற்றக் கையால முகத்தில அறைஞ்சான், வாயால ரத்தம் வந்து வெள்ளைச் சீலையில தெறிச்சுது. பிறகு மேசையைப் பிடிச்சுக் கவிட்டான். கிளாஸ், சாடி, போத்தில் எல்லாம் நிலத்தில. அடைச்ச போத்தில்கள் விழுந்த வேகத்தில படார் படார் எண்டு வெடிச்சுது. சவுக்கங் கொப்பை வாளியோட தூக்கிச் சுவரில அடிச்சான்.

நான் பாய்ஞ்சு அவன்ர தோளைக் கடிச்சனான், இனிப்பு ஜிஞ்சர் பியரும் ரத்தமும் என்ர வாய்க்குள்ள. என்னை உதறி எறிஞ்சான், அலுமாரியில தலை அடிபட்டு இருந்திட்டன். இத்தினை ஆம்பிளையள் நிக்கினம், மேளமும் கையுமா. "புருசன் பெண்சாதி பிரச்சினைக்குள்ள நாங்கள் என்னண்டு போறது" எண்டு ஒருத்தன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கேட்டு எனக்கு வந்த கோவம் இண்டைக்கும் அடங்கேல்லை. அவனை எனக்குத் தெரியும். கையில அகப்படட்டும்.

அல்வின் அறைக் கதவை உதைக்கத் தொடங்கினான். உள்ளுக்குள்ள லக்சனா கத்தினாள். பலகை பிளந்துது. அவன் குனிஞ்சு உடைஞ்ச போத்தில் ஒண்டின்ர கழுத்தைப் பிடிச்சு எடுத்தான். அப்பதான் கஸ்பார் அண்ணைக்குக் கால் நகந்துது. "மோனை, வேண்டாம், நான் சொல்லுறன் கேள்" எண்டு பின்னால போய்த் தோளில கை வைச்சார். அல்வின் திரும்பின வேகத்தில ஒரு இழுவை. தோளில இருந்து முழங்கை மட்டும் சட்டையும் சதையும் ஒண்டாப் பிரிஞ்சுது. கஸ்பார் அண்ணை, "ஐயோ, என்னை வெட்டிப்போட்டான்" எண்டு நிலத்தில குந்தினார். பெடியள் மேளத்தை விட்டுப்போட்டு மழைக்குள்ள பறந்தாங்கள்.

மக்டலின் குசினிக்குள்ள போனதை நான் காணேல்லை, திரும்பி வந்ததைத்தான் கண்டனான். முறிஞ்ச வலது கை தொங்குது. இடது கையில உலக்கை. இஞ்சி இடிச்ச உலக்கை பாரம், ரெண்டு கையால தூக்கவே எனக்கு மூச்சு வாங்கும். கதவுப் பிளவுக்குள்ள கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டு நிண்டவனின்ர முழங்காலில ஒண்டு போட்டாள். விழுந்தான். விழுந்தும் கண்ணாடியை அவளின்ர காலுக்கு வீசினான். இன்னொண்டு போட்டாள், அதே முழங்காலில. அதுக்குப் பிறகு அவன் கத்தினான். அந்த வீட்டில அவன் கத்தி நான் கேட்டது அண்டைக்குத்தான்.

ரிஸ்லா அதுக்குள்ள பொலிஸுக்குச் சொல்லிப்போட்டாள். சந்தியில ஓட்டோ வைச்சிருக்கிற ஹஸ்மி சத்தம் கேட்டு ஓடி வந்து, அல்வினின்ர முதுகில ஏறி இருந்தவன், பொலிஸ் வரும் மட்டும் எழும்பேல்லை. கரோல் பாட வந்த ஒருத்தனுக்கும் வராத துணிவு அவனுக்கு வந்தது. பிறகு அவன்தான் எங்களை ஓட்டோவில அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. மக்டலினும் கஸ்பார் அண்ணையும் ஒரே ஓட்டோவில, ஒரே சீட்டில. வழி முழுக்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை.

அடுத்த நாள் விடிய வாட்டுக்குப் பொலிஸ்காறர் ஒருவர் வந்தார், தமிழ் ஆள், வாக்குமூலம் எழுத. கஸ்பார் அண்ணை கட்டிலில கிடந்தார், கை முழுக்கத் தையல். மக்டலின் கையில மாக்கட்டோட பக்கத்தில கதிரையில. லக்சனா அவளின்ர மடியில தலை வைச்சுக்கொண்டு நித்திரை. முதலில கஸ்பார் அண்ணையிட்டக் கேட்டார். மனிசன் எழும்பி இருந்திட்டார்.

"சேர், அவன் மனிசனில்லை, மிருகம். என்னைக் கொல்லத்தான் வெட்டினவன். அவனை வெளியில விட்டிடாதேங்கோ. எனக்குக் கண்ணை மூட ஏலாமக் கிடக்குது, சேர். கதவு ஆடினாலும் நெஞ்சு பதறுது. எத்தினை வருசம் உள்ள போட ஏலுமோ அத்தினை வருசம் போடுங்கோ. என்ர வீட்டுப் பக்கம் அவன் தலை வைக்கக் கூடாது."

சொல்லேக்க அவருக்குக் கண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை, அந்த மனிசன் உண்மையாப் பயந்து போயிருந்தார். எனக்கு நாக்கு நுனியில எவ்வளவோ வந்துது. ஆனா மக்டலின் என்ர கையைப் பிடிச்சு அமத்தினாள். அவள் கோவமாக் கேக்கேல்லை. உண்மையா அறிய வேணும் எண்ட மாதிரித்தான் கேட்டாள்.

"அண்ணை, உங்களுக்கு அவன் வெட்டினது ஒருக்கா. ஒரு ராத்திரியே உங்களால நித்திரை கொள்ள ஏலேல்லை. அப்ப நான் இன்னும் எத்தினை வருசம் அவனோட படுத்தெழும்ப வேணுமெண்டு நினைச்சனீங்கள்?"

கஸ்பார் அண்ணை அவளைப் பாத்தார். அவளின்ர வீங்கின வாயைப் பாத்தார். பொலிஸ்காறர் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு, "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ" எண்டார்.

மக்டலின் மகளின்ர தலையை மெதுவாத் தூக்கி என்ர மடியில வைச்சாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கலியாணம் முடிச்ச முதல் மார்கழியில இருந்து சொல்லத் தொடங்கினாள். ஒண்டும் விடேல்லை, கிணத்தடியெண்டு ஒரு பொய்யும் சொல்லேல்லை. வெயில் ஏறும் மட்டும் சொன்னாள். கஸ்பார் அண்ணைக்கு எழும்பிப் போக ஏலாது, சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.